பறவைப் படம் எடிட் பண்ண 8 ஜிபி ரேம் போதவில்லை: 16ஆ, 32ஆ, இல்லை லேப்டாப்பையே மாற்றவா?

நாரைமேடு | பதிவு 1

வணக்கம் நண்பர்களே. ஊர் வள்ளியூர் பக்கம். ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துக்குப் போய்விடுவேன். இப்போது சீசன் வேறு. வரித்தலை வாத்துகள் வந்து இறங்கியிருக்கின்றன. ஒரு காலைப்பொழுதில் 900, 1000 படம் ஓடிவிடுகிறது. 24 மெகாபிக்சல், எல்லாம் ரா ஃபைல் (சென்சார் பதிந்தபடியே கேமரா தரும் மூலக் கோப்பு).

பிரச்சினை வீட்டுக்கு வந்த பிறகுதான். படம் திருத்தும் லைட்ரூம் கிளாசிக் சாஃப்ட்வேரில் பத்துப் படம் தாண்டினால் ஒவ்வொரு ஸ்லைடரும் இழுத்த பிறகு யோசிக்கிறது. ஒரு படத்தை போட்டோஷாப்புக்கு அனுப்பினால் ஃபேன் கத்துகிறது, மவுஸ் அம்பு நின்றுவிடுகிறது. போன வாரம் 'ஸ்கிராட்ச் டிஸ்க் ஃபுல்' என்று சொல்லிவிட்டு, அரை மணி நேர வேலையோடு மூடிக்கொண்டது.

லேப்டாப் நாலு வருஷம் பழசு. ரைசன் 5, தனி கிராபிக்ஸ் கார்டு இல்லை, 8 ஜிபி ரேம், 512 ஜிபி எஸ்எஸ்டி. கடையில் கேட்டேன். "சார், இனி 8 எல்லாம் ஆகாது, 32 ஜிபியோட கிராபிக்ஸ் கார்டு வச்ச புது மாடல் எடுத்துடுங்க" என்றார். அவர் சொன்ன விலைக்கு நான் ஒரு லென்ஸ் வாங்குவேன். இது தொழில் இல்லை, பொழுதுபோக்கு. எவ்வளவு ரேம் போட்டால் நிம்மதியாக வேலை பார்க்கலாம்?

கேமிங்_காளை | பதிவு 2

64 போடுங்க சகோ. ஒரே செலவு, அஞ்சு வருஷத்துக்கு யோசிக்க வேண்டாம்.

ஸ்க்ரூடிரைவர் | பதிவு 3

காளை, அவர் லேப்டாப்பில் 64 ஏறுமா என்றே தெரியாது. அதற்குள் 64ஆ?

நாரைமேடு சார், மதுரையில் லேப்டாப் சர்வீஸ் பார்க்கிறேன். இந்தக் கேள்வியோடு வாரத்துக்கு நாலு பேராவது வருகிறார்கள். பாதிப் பேருக்கு ரேம்தான் குறை. மீதிப் பேருக்கு வேறு எங்கேயோ அடைப்பு. அளந்து பார்க்காமல் காசை எடுக்காதீர்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. லேப்டாப்பை ரீஸ்டார்ட் பண்ணுங்கள். வழக்கமாக எடிட் பண்ணும்போது என்னென்ன திறந்திருக்குமோ அத்தனையையும் திறங்கள், குரோமில் பாட்டு ஓடினால் அதையும் சேர்த்து. உங்களுடைய கனமான வேலை எதுவோ அதை ஒரு இருபது நிமிஷம் நிஜமாகவே செய்யுங்கள். அதற்கு அப்புறம் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். அதில் பெர்ஃபார்மன்ஸ், அதற்குள் மெமரி. அங்கே இருக்கிற எல்லா எண்ணையும் எழுதிப் போடுங்கள். கமிட்டட், ஹார்டுவேர் ரிசர்வ்டு, ஸ்லாட்ஸ் யூஸ்டு மூன்றும் முக்கியம். சி டிரைவில் எவ்வளவு காலி என்பதையும் சொல்லுங்கள்.

இருட்டறை | பதிவு 4

தம்பி, நான் ஸ்டூடியோ வைத்திருந்து மூடியவன். 32 பிட் விண்டோஸ் காலத்தில் 4 ஜிபி மாட்டினாலும் அது மூன்று சொச்சம்தான் பார்க்கும். அதிலேயே கல்யாண ஆல்பம் போட்டிருக்கிறோம். ஒரு ஃபில்டர் கொடுத்துவிட்டு டீக்கடைக்குப் போய் வந்தால் முடிந்திருக்கும். இன்றைக்கும் 8 ஜிபியில் வேலை நடக்காது என்றில்லை. பொறுமை எவ்வளவு ஜிபி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

நாரைமேடு | பதிவு 5

அண்ணாச்சி, பொறுமை 2 ஜிபிதான் இருக்கிறது :)

ஸ்க்ரூடிரைவர் அண்ணே, நீங்கள் சொன்னபடி செய்தேன். லைட்ரூம், போட்டோஷாப்பில் ஒரு படம் (மூன்று லேயர்), குரோமில் ஆறு டேப்.

இன் யூஸ்: 5.5 ஜிபி
கமிட்டட்: 14.6 / 16.2 ஜிபி
ஹார்டுவேர் ரிசர்வ்டு: 2.1 ஜிபி
ஸ்லாட்ஸ் யூஸ்டு: 2இல் 1
ஸ்பீடு: 3200
சி டிரைவில் காலி: 11 ஜிபி

8 ஜிபி என்றுதான் வாங்கினேன். ஆனால் மேலே 5.9 என்று காட்டுகிறது. மீதி எங்கே போனது? ஏமாற்றிவிட்டார்களா?

ஸ்க்ரூடிரைவர் | பதிவு 6

ஏமாற்றவில்லை. உங்கள் லேப்டாப்பில் தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. பிராசஸருக்குள் இருக்கிற கிராபிக்ஸுக்குச் சொந்தமாக மெமரி இல்லாததால், உங்கள் ரேமிலிருந்தே 2 ஜிபியை முதலிலேயே பிடித்து வைத்துக்கொள்கிறது. அதுதான் அந்த ஹார்டுவேர் ரிசர்வ்டு. சில மாடலில் பயாஸுக்குள் (விண்டோஸ் ஏறும் முன் வரும் அடிப்படை செட்டிங்) போய்க் குறைக்கலாம், பலவற்றில் அந்த ஆப்ஷனே இருக்காது. ஆக, பேருக்கு 8, கைக்கு வந்தது 5.9. அதில் விண்டோஸ் ஒரு பங்கு, குரோம் ஒரு பங்கு. உங்கள் வாத்துக்கு மிச்சம் என்ன இருக்கும்?

இனி கமிட்டட். 14.6 ஜிபியும் உண்மையில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம் இல்லை. பஸ்ஸில் துண்டு போட்டு சீட் பிடிக்கிற மாதிரி, எல்லா சாஃப்ட்வேரும் சேர்ந்து 14.6க்குத் துண்டு போட்டிருக்கின்றன. துண்டு போட்டவர்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வந்து உட்கார மாட்டார்கள். ஆனால் 5.9 சீட் உள்ள பஸ்ஸில் 14.6 துண்டு கிடந்தால் சண்டை நிச்சயம். இடம் கிடைக்காதவற்றை விண்டோஸ் பேஜ் ஃபைல் என்று எஸ்எஸ்டிக்குத் தள்ளுகிறது. ரேமிலிருந்து ஒன்றை எடுக்க 100 நானோ விநாடி வாக்கில் ஆகும். எஸ்எஸ்டிக்கு 100 மைக்ரோ விநாடி வாக்கில், அதாவது ஆயிரம் மடங்கு. மவுஸ் அம்பு நிற்பது அதனால்தான்.

மூன்றாவது, அந்த 11 ஜிபி காலியிடம். போட்டோஷாப் தனக்கென்று ஸ்கிராட்ச் ஃபைல் ஒன்றை அதே சி டிரைவில் எழுதும். விண்டோஸின் பேஜ் ஃபைலும் அங்கேதான். இரண்டும் ஒரே மூலையில் மோதிக்கொண்டன, போட்டோஷாப் செத்தது. அந்த எர்ரருக்கு ரேம் ஒரு காரணம், நிரம்பிய டிரைவ் இன்னொரு காரணம். ரேம் வாங்கும் முன் ஒரு 80, 100 ஜிபியாவது காலி பண்ணுங்கள். அதற்குச் செலவே இல்லை.

மண்புழு | பதிவு 7

நான் மேக்ரோ எடுப்பவள். எறும்பு, சிலந்தி, இலை நுனியில் பனித்துளி, இப்படி. கணக்குப் போட்டுப் பார்க்கலாமே, நான் கணக்கு டீச்சர்தான்.

24 மெகாபிக்சல் என்றால் 6000 × 4000. ரா ஃபைல் டிஸ்கில் 25, 30 எம்பிதானே இருக்கிறது என்று நினைப்போம். திறந்தவுடன் அது விரியும். ஒரு பிக்சலுக்கு சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று எண். 16 பிட் என்றால் ஒவ்வொரு எண்ணுக்கும் 2 பைட். 2.4 கோடி × 3 × 2 = 144 எம்பி. இது ஒரு லேயருக்கு. மூன்று லேயர் இருந்தால் 432. முழுப் படத்துக்கும் ஒரு ஃபில்டர் கொடுத்தால், பழசுக்குத் திரும்பிப் போவதற்காக இன்னொரு பிரதியையும் வைத்துக்கொள்ளும். ஹிஸ்டரியில் அப்படி ஐந்தாறு சேர்ந்தாலே 1 ஜிபியைத் தாண்டிவிடும். 8 பிட்டில் வேலை செய்தால் எல்லாம் பாதிதான், ஆனால் வானத்தில் நிறம் பட்டை பட்டையாகப் பிரிந்து தெரியும் அபாயம் உண்டு.

நான் ஒரு சிலந்திக்கு 20 படம் எடுத்து ஃபோகஸ் ஸ்டாக் பண்ணுகிறேன், அதாவது வெவ்வேறு இடத்தில் ஃபோகஸ் வைத்த படங்களை ஒன்றாகச் சேர்க்கிறேன். 20 × 144 = 2880 எம்பி. மாஸ்க், ஒன்று சேர்த்த லேயர், ஹிஸ்டரி எல்லாம் சேர்ந்தால் போட்டோஷாப் மட்டுமே 8, 10 ஜிபி வரை போவதைப் பார்த்திருக்கிறேன். அதனால் எனக்கு 32 தேவை. 16இல் இருந்தபோது அழுதிருக்கிறேன்.

உங்களுக்கு? ஒரு வாத்து, ஒரு படம், மூன்று லேயர். பனோரமா எடுப்பீர்களா?

நாரைமேடு | பதிவு 8

டீச்சர், பனோரமா வருஷத்துக்கு ரெண்டு மூன்று முறை. குளம் முழுக்க நாரை உட்கார்ந்திருக்கும்போது செங்குத்தாக ஏழு படம் எடுத்து ஒட்டுவேன். இப்போதைக்கு ஒட்ட முடியாமல் அப்படியே கிடக்கிறது.

மண்புழு | பதிவு 9

செங்குத்தாக ஏழு என்றால், மூன்றில் ஒரு பங்கு ஒன்றின் மேல் ஒன்று ஏறும் என்று வைத்துக்கொள்வோம். அகலம் சுமார் 20,000 பிக்சல், உயரம் 6000. அது 12 கோடி பிக்சல். 16 பிட்டில் ஒரு லேயர் 720 எம்பி. ஒட்டும் நேரத்தில் ஏழு படமும் மாஸ்க்கும் சேர்ந்து இருக்கும். 8இல் நடக்காது. 16இல் மற்றதையெல்லாம் மூடிவிட்டால் நடக்கும். 24இல் கவலையில்லை.

கேமிங்_காளை | பதிவு 10

அதான் 64 என்றேன்.

மண்புழு | பதிவு 11

காளை தம்பி, விடையை எழுதிவிட்டு வழிமுறையை விட்டால் மார்க் கிடையாது.

பென்குவின்_ப்ரியன் | பதிவு 12

லைட்ரூம், போட்டோஷாப்புக்காக அடோபிக்கு மாதா மாதம் சந்தா கட்டுவதை விட்டுவிட்டு லினக்ஸில் டார்க்டேபிள் என்ற ரா எடிட்டர் போடுங்கள். சும்மா கிடைக்கிறது, விண்டோஸிலும் ஓடும். பழைய மெஷினிலும் ஓடும்.

ஒரு எச்சரிக்கையையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக் கூடாது. டார்க்டேபிள் ஒவ்வொரு பிக்சலையும் 32 பிட் தசம எண்ணாக, நாலு சானலாக வைத்துக் கணக்கிடும். டீச்சர் பாணியில் சொன்னால் 2.4 கோடி × 16 பைட் = 384 எம்பி. உள்ளே போவது ஒன்று, வெளியே வருவது ஒன்று என்று ஒவ்வொரு மாட்யூலுக்கும் அதைப் போல இரண்டு. ரேம் போதாவிட்டால் படத்தைத் துண்டு துண்டாக வெட்டிக் கணக்கிடும். சாகாது, ஆனால் நேரமாகும். இலவசம் என்பதால் லேசாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம்.

இருட்டறை | பதிவு 13

நன்றாகச் சொன்னீர்கள். சும்மா கிடைத்த மாட்டுக்கும் தீனி போட்டுத்தானே ஆகவேண்டும்.

வெள்ளவத்தை_வானம் | பதிவு 14

வணக்கம், கொழும்பிலிருந்து. நானும் இதே சிக்கலில் போன வருடம் மாட்டியவன். நண்பர் ஒருவர் சொன்னார் என்று பாவித்த மக்புக் ஏர் ஒன்றை வாங்கினேன், எம்1, 8 ஜிபி. வேகம் குறையில்லை, உண்மையில் வியப்பாக இருந்தது. ஆனால் போட்டோஷாப்பும் லைட்ரூமும் சேர்ந்து திறந்தால் அதுவும் மூச்சு வாங்குகிறது. கூட்டலாம் என்று யூனிட்டி பிளாசாவில் விசாரித்தேன். கடைக்காரப் பெடியன் சிரித்தான். அதில் மெமரி பிராசஸரோடேயே ஒட்டி வருகிறது, வாங்கிய அன்று என்னவோ அதுதான் கடைசி வரைக்கும்.

ஆப்பிள்காரர்களே 2024 ஒக்டோபரில் ஏரின் ஆரம்ப அளவை 16க்கு உயர்த்திவிட்டார்கள். பழையது வாங்குபவர்கள் 8 என்று கண்டால் விலை குறைவாக இருந்தாலும் விலகிப் போங்கள்.

ஸ்க்ரூடிரைவர் | பதிவு 15

விண்டோஸ் லேப்டாப்பிலும் மெல்லிசு மாடல்களில் இப்போது அதே கதைதான். ரேம் வகை எல்பிடிடிஆர் என்று போட்டிருந்தால் பெரும்பாலும் போர்டிலேயே சால்டர் பண்ணியது, கழற்ற முடியாது. புதிதாக லேப்டாப் வாங்குபவர்கள் இதை முதலில் பாருங்கள்.

நாரைமேடு சார், உங்களுடையதில் 2இல் 1 என்று காட்டுகிறது. அதை மட்டும் நம்பி வாங்காதீர்கள். சில லேப்டாப்பில் 8 ஜிபி போர்டில் சால்டராகி ஒரே ஒரு ஸ்லாட் காலியாக இருக்கும். சிலவற்றில் இரண்டு ஸ்லாட். இன்னும் சிலவற்றில் டாஸ்க் மேனேஜர் சொல்லும், ஆனால் ஸ்லாட்டைப் பொருத்தாமலே கம்பெனி அனுப்பியிருக்கும். பின்மூடியைக் கழற்றிக் கண்ணால் பார்ப்பதே நிச்சயம். வாரண்டி இருந்தால் முதலில் சர்வீஸ் சென்டரில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. போன மாசம் ஒரு அண்ணன் எங்கேயோ ஒரு கடையில் டிடிஆர்5 ரேம் வாங்கிக்கொண்டு வந்தார். அவர் மெஷின் அதற்கு முந்தைய தலைமுறை ரேமான டிடிஆர்4. வெட்டு இருக்கும் இடமே வேறு, ஏறாது. "கொஞ்சம் அழுத்திப் பாருங்களேன்" என்றார். லேப்டாப் டிடிஆர்4க்கு 260 பின், டிடிஆர்5க்கு 262. அழுத்தினால் ஸ்லாட்தான் உடையும். உங்களுடையது 3200 என்று காட்டுவதால் டிடிஆர்4தான். கடையில் 'லேப்டாப் ரேம், டிடிஆர்4, 3200' என்று மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். டெஸ்க்டாப் ரேம் நீளம், அது வேண்டாம்.

நாரைமேடு | பதிவு 16

கழற்றிப் பார்த்தேன். மூடியில் பத்து ஸ்க்ரூ, அதில் இரண்டு ரப்பர் காலுக்கு அடியில் ஒளிந்திருந்தது. உள்ளே ஒரே ஒரு ஸ்லாட், காலியாக இருக்கிறது. 8 ஜிபி போர்டோடு ஒட்டியது. கம்பெனி தளத்தில் அந்த ஸ்லாட்டில் 16 வரை போடலாம் என்றிருக்கிறது.

ஆக, 8 போட்டால் 16, 16 போட்டால் 24. இரண்டும் ஒரே அளவாக ஜோடியாக இருந்தால்தான் வேகம் என்று படித்தேன். 8+8 நல்லதா, 8+16 நல்லதா?

பென்குவின்_ப்ரியன் | பதிவு 17

8+8 தான். ஜோடி சேர்ந்தால் டூயல் சானல், மெமரியிலிருந்து வரும் பாதை இரண்டு மடங்கு அகலம். உங்களுக்குத் தனி கிராபிக்ஸ் இல்லாததால் அந்த அகலம் நன்றாகவே தெரியும். அடோபியே லைட்ரூம் கிளாசிக்குக் குறைந்தது 8, பரிந்துரை 16 என்றுதான் சொல்கிறது.

ஸ்க்ரூடிரைவர் | பதிவு 18

இதில் ப்ரியனோடு எனக்கு உடன்பாடு இல்லை. 8+16 போட்டால் ஜோடியே சேராது என்பது தப்பு. முதல் 8உம் புதியதில் ஒரு 8உம் ஜோடியாக ஓடும், மிச்ச 8 மட்டும் தனியாக ஓடும். தனியாக ஓடினாலும் எஸ்எஸ்டியைவிட அது எவ்வளவோ வேகம்.

இவருக்கு ஒரே ஒரு ஸ்லாட். அதில் இன்று 8 போட்டு, அடுத்த வருஷம் போதவில்லை என்றால் அதைக் கழற்றி வைத்துவிட்டு 16 வாங்க வேண்டும். இரண்டு தடவை செலவு. கமிட்டட் 14.6, ரேமில் கிராபிக்ஸுக்கு 2 கழியும் என்பதையும் சேர்த்தால் மொத்தம் 16 என்பது விளிம்பில்தான் நிற்கும். நான் 16 ஜிபி ரேம் குச்சியைத்தான் போடுவேன்.

ப்ரியன் சொல்வது எங்கே சரி என்றால், இரண்டு ஸ்லாட்டும் காலியாக இருக்கிற மெஷினில். அங்கே ஒரே 16க்குப் பதில் 8+8 போடுங்கள்.

பென்குவின்_ப்ரியன் | பதிவு 19

ஒரே ஸ்லாட் என்பதை நான் கவனிக்கவில்லை. அப்படியானால் 16 குச்சிதான் சரி, பின்வாங்குகிறேன்.

வெள்ளவத்தை_வானம் | பதிவு 20

விலை இறங்கும் வரை பொறுக்கலாமா?

ஸ்க்ரூடிரைவர் | பதிவு 21

2025 கடைசியிலிருந்து ரேம் விலை ஏறுமுகம்தான். ஏஐ சர்வர்களுக்கு மெமரி கேட்டுக் குவிகிறார்கள், சிப் கம்பெனிகள் அந்தப் பக்கம் திரும்பிவிட்டன. மைக்ரான் கம்பெனி நம்மைப் போன்றவர்களுக்கு விற்ற குரூசியல் பிராண்டையே நிறுத்துவதாக 2025 டிசம்பரில் அறிவித்துவிட்டது. இப்போதைய தேவைக்கு மேல் ஒரு ஜிபிகூட ஆசைக்கு வாங்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு அதுவும் காரணம். தேவை இருக்கிறதென்றால் காத்திருக்கவும் வேண்டாம். பழைய ரேம் வாங்கினாலும் தப்பில்லை. மாட்டியதும் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 சாஃப்ட்வேரை ஒரு ராத்திரி ஓட்டி, ஒரு பிழைகூட வராவிட்டால் வைத்துக்கொள்ளுங்கள்.

இருட்டறை | பதிவு 22

ரேம் வரும் வரை சும்மா இருக்காதீர்கள் தம்பி. ஆயிரம் படத்தையும் எதற்கு லைட்ரூமுக்குள் கொட்டுகிறீர்கள்? வாத்து சிறகை விரிக்கும்போது விரலை எடுக்காமல் அழுத்தி நாற்பது படம் எடுப்பீர்கள், அதில் கண் கூர்மையாக இருப்பது ரெண்டோ மூணோ. ஒவ்வொரு ரா ஃபைலுக்குள்ளும் கேமராவே ஒரு ஜேபெக்கைப் பதித்து வைத்திருக்கும். அதை மட்டும் காட்டுகிற ஏதாவது வியூவரில் முதலில் கழித்துக்கட்டுங்கள். நெகட்டிவ் காலத்தில் லைட் பாக்ஸில் லூப் என்கிற உருப்பெருக்கி வைத்துப் பார்த்து, தேறாததை அப்படியே ஒதுக்கிவிடுவோம். அதே வேலைதான். எண்பது படத்தை மட்டும் உள்ளே ஏற்றுங்கள்.

மண்புழு | பதிவு 23

அண்ணாச்சி சொன்னதோடு, ஏற்றும்போது ஸ்மார்ட் ப்ரிவ்யூ உருவாக்கச் சொல்லுங்கள். நீளப் பக்கம் 2560 பிக்சல் உள்ள சின்னப் பிரதி அது. பிரிஃபரன்ஸஸில் பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில், அசலுக்குப் பதில் அதை வைத்தே எடிட் செய்யச் சொல்லும் ஒரு டிக் இருக்கிறது. ஸ்லைடர் சட்டென்று நகரும். கூர்மையும் நாய்ஸும் (படத்தில் தெரியும் புள்ளிப்புள்ளியான இரைச்சல்) பார்க்கும்போது மட்டும் டிக்கை எடுத்துவிடுங்கள், சின்னப் பிரதியில் அது சரியாகத் தெரியாது.

போட்டோஷாப்பில் கீழே ஸ்டேட்டஸ் பட்டையில் உள்ள அம்பைச் சொடுக்கி எஃபிஷியன்சி என்பதை வையுங்கள். 100% என்றால் ரேமுக்குள்ளேயே வேலை நடக்கிறது. அதற்குக் கீழே இறங்கினால் டிஸ்கைத் தொடுகிறது. ரேம் மாட்டும் முன்னும் பின்னும் பார்த்துச் சொல்லுங்கள்.

நாரைமேடு | பதிவு 24

பத்து நாள் கழித்து வருகிறேன். 16 ஜிபி குச்சி வாங்கி நானே மாட்டினேன். பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு, உடம்பில் உள்ள ஸ்டேட்டிக் மின்சாரம் போக இரும்பு பீரோவைத் தொட்டுவிட்டு, சாய்வாகச் சொருகி அழுத்தினேன். இரண்டு பக்கக் கொக்கியும் 'டிக்' என்று பிடித்தது. பவர் போட்டால் திரை கறுப்பு. ஒரு நிமிஷம் ஒன்றுமே வரவில்லை. நாலு வருஷ லேப்டாப்பை நானே கொன்றுவிட்டேன் என்று வியர்த்துவிட்டது. அப்புறம் தானாகவே லோகோ வந்தது.

ஸ்க்ரூடிரைவர் | பதிவு 25

சொல்ல மறந்துவிட்டேன், மன்னிக்கவும். புது ரேமைப் பார்த்ததும் முதல் தடவை அப்படித்தான் பழகிக்கொள்ள நேரம் எடுக்கும். பாதிப் பேர் அந்த ஒரு நிமிஷத்தில் பவரை அணைத்துவிட்டு எனக்கு போன் போடுவார்கள். எண் எப்படி இருக்கிறது?

நாரைமேடு | பதிவு 26

அதே வேலை, அதே ஆறு டேப். இன் யூஸ் 12.8, கமிட்டட் 17.9. எஃபிஷியன்சி முன்பு 71%, இப்போது 100%. சி டிரைவில் பழைய வீடியோக்களை வெளி ஹார்டு டிஸ்குக்கு மாற்றி 120 ஜிபி காலி பண்ணினேன். ஏழு படப் பனோரமா ஒட்டிவிட்டது. போட்டோஷாப் அந்த நேரத்தில் 9 ஜிபி தின்றது, அப்போதும் குரோமில் பாட்டு ஓடிக்கொண்டுதான் இருந்தது.

மாறாததையும் சொல்லிவிடுகிறேன். ப்ரிவ்யூ உருவாக்கும் வேகம் அப்படியேதான் இருக்கிறது. ஏஐ டீநாய்ஸ் கொடுத்தால் ஒரு படத்துக்கு இன்னும் பல நிமிஷம்.

ஸ்க்ரூடிரைவர் | பதிவு 27

ப்ரிவ்யூ பிராசஸர் வேலை, டீநாய்ஸ் கிராபிக்ஸ் கார்டு வேலை. 64 போட்டிருந்தாலும் அங்கே அப்படியேதான் இருந்திருக்கும். பிடித்த நாலு படத்துக்கு மட்டும் கொடுத்துவிட்டு அண்ணாச்சி சொன்ன டீக்கடைக்குப் போய் வாருங்கள்.

இருட்டறை | பதிவு 28

அந்தப் பனோரமாவைப் போடுங்கள் தம்பி. இத்தனை பேர் இத்தனை ஜிபி பேசினோம், நாரையை யாரும் பார்க்கவில்லை.

நாரைமேடு | பதிவு 29

படப் பகுதியில் ஏற்றிவிட்டேன் அண்ணாச்சி. இடப்பக்கக் கருவேல மரத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், சங்குவளை நாரை குஞ்சுக்கு மீன் கொடுக்கிறது. ஒட்டிய பிறகுதான் நானே பார்த்தேன்.

கேமிங்_காளை | பதிவு 30

சூப்பர் சகோ. என் பழைய டெஸ்க்டாப்பில் டிடிஆர்3 4 ஜிபி இருக்கிறது, அதில் எவ்வளவு வரைக்கும்...

மண்புழு | பதிவு 31

தனி இழை, காளை. டாஸ்க் மேனேஜர் எண்ணோடு.